வேனுக்கு ஃபோர்வீல் போடப் போய் பிரேக் போட்டு வந்த கதை



பெருநாள் முடிந்துவிட்டது, ஏப்ரல் விடுமுறை வருகிறது. இந்த இரண்டு கிழமைக்குள் மூன்று பேர் எங்களிடம் ஒரே விடயத்தைக் கேட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் எங்களிடம் ஒன்பதாம் ஆண்டில் படித்த பிள்ளை, இப்போது கட்டாரிலிருந்து லீவில் வந்திருக்கிறார். "சேர், உங்கட டொல்பின ஃபோர்வீலாக்கப் போனீங்களே, என்ன ஆச்சு? நாங்களும் ஒண்டு செய்யப் போறம். குடும்பத்தோட காம்பிங் போக." வட்ஸப்பில் குரல் பதிவாகப் பதில் சொல்லத் தொடங்கினோம். பதினெட்டு நிமிடம் தாண்டியது. கேட்டது ஏன் என்று அவருக்கே ஆகியிருக்கும். அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள், வேன் வைத்திருப்பவர்கள் நேரமில்லாவிட்டாலும் வாசியுங்கள்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குடும்பத்தோடு ஊர் சுற்ற வைத்திருக்கும் சாதாரண வேனை ஃபோர்வீலாக மாற்றுவது வீண் செலவு. செலவு மட்டும் என்றால் பரவாயில்லை. வேனில் உண்மையில் பார்க்க வேண்டிய இடத்தை அது நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. எங்களுக்கு மறைத்தது. அதைத்தான் சொல்லப் போகிறோம்.

எங்கள் வேன் மூன்று வீட்டுக்கும் பொது. நாங்கள், மூத்த காக்கா, தங்கச்சியின் மாப்பிள்ளை என்று மூன்று பேர் காசு போட்டு 2021இல் வாங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய வாகனங்கள் என்ன விலை விற்றன என்று உங்களுக்கே தெரியும். தனியாக வாங்க ஒருவருக்கும் வழியில்லை. நம் நாட்டில் டொல்பின் என்று பெயர் பெற்ற அந்தப் பழைய டொயோட்டா ஹையேஸ். வாங்கி ஒரு பயணம் ஒழுங்காகப் போகவில்லை, 2022 வந்தது. டீசலுக்கு இரண்டு நாள் வரிசையில் கிடந்ததும், பிறகு கியூஆர் அட்டையில் வேனுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து தந்ததும் மறக்காது. அந்த ஒதுக்கீடு 2023 செப்டம்பரில் நீங்கியபோது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "வாப்பா, இனி போகலாமா?"

போனோம். 2024 ஏப்ரலில் கண்டி. ஓகஸ்டில் பொத்துவில் தாண்டிப் பாணமை. பெரியவர்கள், பிள்ளைகள் சேர்த்துப் பதினொரு பேர், கூரையில் பாயும் கூடாரமும் கேஸ் அடுப்பும் தண்ணீர்க் கேன்களும்.

பாணமையில் கடற்கரைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டப் போவோம் என்று மச்சான் சொன்னார். வேன் மணலில் இறங்கியது. பின் சக்கரம் சுழலச் சுழல உள்ளே போனது. மூன்று ஆம்பிளைகள் தள்ளினோம், பெண்கள் இறங்கிச் சுமையைக் குறைத்தார்கள், பிள்ளைகள் காய்ந்த ஓலை பொறுக்கி வந்து சக்கரத்துக்குக் கீழே போட்டார்கள். அசையவில்லை. கடைசியில் அந்த ஊர்த் தம்பி ஒருவர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து கயிறு போட்டு இழுத்துவிட்டார். காசு கொடுத்தோம், வாங்கவில்லை. வாங்கியிருந்தால் வெட்கம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

திரும்பி வரும்போதே முடிவு எடுத்தாகிவிட்டது: வேனை ஃபோர்வீலாக்க வேண்டும்.

இந்த முடிவில் யூடியூபுக்குப் பெரிய பங்குண்டு. அமெரிக்காவில் ஃபோர்ட் வேன்களை ஃபோர்வீலாக மாற்றிக் கொடுப்பதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் குடும்பமாகப் பாலைவனத்துக்கும் காட்டுக்கும் போகிறார்கள். ஜப்பானில் மிட்சுபிஷி 1982இலேயே டெலிக்கா வேனை ஃபோர்வீலாக விற்கத் தொடங்கிவிட்டது. நம் டொல்பின் வடிவத்திலேயே ஃபோர்வீல் ஹையேஸும் ஜப்பானில் ஓடியது. "அப்படியென்டா சாமான் இருக்குத்தானே? கழட்டிப் பூட்டுறதுதானே?" என்றார் மச்சான். அவர் கணக்காளர். நாங்கள் கலாசாலையில் படித்தது தமிழும் கற்பித்தல் முறையும். காக்கா நெல் வியாபாரம். மூன்று பேருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

முதலில் போன கராஜில், "ஒரு கிழமையில செஞ்சி தாறன் சேர், லேசான வேல" என்றார்கள். எட்டு இலட்சம் பேசினார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு நாள் முழுக்க அலைந்தோம். ஒரு கடையில் முன் டிஃபரன்ஷல் ஒன்றைக் காட்டி, "இது அச்சொட்டா உங்கட வண்டிக்குத்தான்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். முற்பணம் ஒரு இலட்சம் கொடுத்து அதை ஏற்றிக்கொண்டு வந்தோம். வீட்டில் அந்த இரும்பை இறக்கியபோது பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள், புதிதாக வந்த மாட்டைப் பார்ப்பது போல.

அம்பாறையில் ஒரு வயதான சிங்கள பாஸ் இருக்கிறார். ஜீப் வேலையில் கைதேர்ந்தவர் என்று காக்காவின் நெல் லொறிக்காரர் சொன்னார். பூட்டுமுன் அவரிடமும் ஒருமுறை காட்டுவோம் என்று போனோம். அது நாங்கள் எடுத்த ஒரே நல்ல முடிவு, அதுவும் லொறிக்காரர் எடுத்தது.

பாஸ் எங்களைக் கேலி செய்யவில்லை. வேனைத் தூக்கி வைத்துவிட்டு, எங்களைக் கீழே குனிந்து பார்க்கச் சொன்னார். எங்கள் வேனில் இயந்திரத்தின் பலம் பின்னால் மட்டும் போகிறது. ஃபோர்வீலாக்க, கியர்பெட்டிக்குப் பின்னால் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் இன்னொரு பெட்டி வேண்டும். அதிலிருந்து முன்னால் போக ஒரு ஷாஃப்ட். முன்னால் ஒரு டிஃபரன்ஷல். அதிலிருந்து இரண்டு சக்கரத்துக்கும் இரண்டு அச்சு. இப்போதுள்ள முன் சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அச்சு நுழைய ஓட்டையே கிடையாது, ஆகவே அதுவும் மாறவேண்டும். முன் டிஃபரன்ஷல் உட்கார வேண்டிய இடத்தில் இப்போது குறுக்குச் சட்டமும் இயந்திரத்தின் எண்ணெய்த் தொட்டியும் இருக்கின்றன. ஒன்றை வெட்ட வேண்டும், மற்றதை மாற்ற வேண்டும். வண்டியை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் பிரேக் குழாய் நீளம் போதாது, ஸ்டியரிங் கம்பிகளின் கோணம் கெடும்.

"ஜப்பான்ல ஃபோர்வீலா செஞ்ச வண்டிக்கு அடிச்சட்டமே வேற சேர். மேல பெட்டி ஒரே மாதிரி இருக்கும். கீழ வேற வண்டி" என்றார். பாதி சிங்களம் பாதி தமிழ், ஆனால் எங்கள் விஞ்ஞான ஆசிரியரை விடத் தெளிவாக விளங்கியது.

பிறகு ஒரு காரியம் செய்தார். எங்கள் பின் ஷாஃப்டில் வெண்கட்டியால் ஒரு கோடு, சக்கரத்தில் ஒரு கோடு. இரண்டு பின் சக்கரத்தையும் ஒன்றாக ஒரு சுற்றுச் சுற்றவைத்து, ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணச் சொன்னார். நாலும் கொஞ்சமும். நாங்கள் கொழும்பிலிருந்து சுமந்து வந்த முன் டிஃபரன்ஷலில் அதையே செய்தார். நாலரைக்கு மேல். அச்சொட்டு என்று விற்ற சாமான் இது. பூட்டியிருந்தால் முன் சக்கரம் ஒரு வேகத்தில் போகப் பார்க்கும், பின் சக்கரம் இன்னொரு வேகத்தில். மணலிலும் சேற்றிலும் சக்கரம் வழுக்கிச் சமாளிக்கும். தார் வீதியில் வழுக்க இடமில்லை, அந்த முறுக்கு எங்காவது ஒரு பல்லையோ அச்சையோ உடைத்துத்தான் தீரும். "எங்க உடையும்?" என்று மச்சான் கேட்டார். "அது மலையில இருக்கக்கொள்ள உடையும்" என்றார் பாஸ், சிரிக்காமல்.

அந்த ஒரு இலட்சத்தில் அரைவாசிதான் திரும்பி வந்தது. அது போகட்டும்.

சட்டப் பக்கமும் உண்டு. வாகனத்தின் பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக இப்படியான மாற்றம் செய்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். காப்புறுதிக்காரருக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் செய்து, நாளை ஒரு விபத்து நடந்தால், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். "ஊரில எத்தின பேர் செஞ்சிருக்காங்க, யார் கேக்குறா" என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். விபத்து நடக்கும்வரை யாரும் கேட்பதில்லை.

இப்போது நாங்கள் எழுதவந்த விடயத்துக்கு வருகிறோம்.

வேன் தூக்கி வைத்தபடி இருந்தது. பாஸ் போகிற போக்கில், "பிரேக் எப்ப பாத்தீங்க?" என்று கேட்டார். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். காக்கா பார்த்திருப்பார் என்று நாங்கள், மச்சான் பார்த்திருப்பார் என்று காக்கா. பொதுவில் வாங்கிய சாமானின் கதி இதுதான். பாஸ் பின் சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்மை வெளியே எடுத்தார். பிரேக் ஷூவில் பட்டி தேய்ந்து, ஒரு பக்கம் இரும்பு இரும்பில் உரசிய கீறல். இன்னொரு சக்கரத்தில் சிலிண்டர் கசிந்து ஷூ முழுக்க எண்ணெய். அந்தப் பக்கம் பிரேக் பிடித்தே பல மாதம் இருக்கும் என்றார்.

அந்த வேனில்தான் ஏப்ரலில் கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய வழியாக மஹியங்கனைக்கு இறங்கினோம். பதினெட்டு வளைவு. பதினொரு பேர், கூரையில் சாமான். அந்த இறக்கத்தில் வேனுக்குள் ஏதோ கருகிய வாசம் வந்தது. சின்ன மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வாப்பா, யாரோ டயர எரிக்கிறாங்க" என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஹசலக்கவில் இறங்கித் தேநீர் குடித்தோம். பிரேக் வாசம்தான், மலையில் எல்லா வேனுக்கும் வரும் என்று காக்கா சொன்னார். நாங்களும் ஆமாம் என்றோம்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. மணலில் புதைந்தது எங்களுக்கு அவமானமாக இருந்தது, அதற்கு எட்டு இலட்சம் செலவழிக்கத் தயாரானோம். பிள்ளைகளின் மூக்கு வரை வந்த பிரேக் வாசம் எங்களுக்கு ஒரு பகிடி.

ஃபோர்வீல் என்றால் என்ன என்பதில் நம்மில் பலருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. நாலு சக்கரமும் தள்ளும், அவ்வளவுதான். நிறுத்துவது வேறு வேலை. எல்லா வேனிலும் பிரேக் ஏற்கனவே நாலு சக்கரத்துக்கும் இருக்கிறது. ஃபோர்வீல் போட்டதால் இறக்கத்தில் வண்டி ஓர் அடி முன்னதாக நிற்காது. வளைவில் ஒட்டிக்கொண்டும் நிற்காது. நேர்மாறாக, கூடிய இரும்பின் பாரமும் கூடிய உயரமும் சேர்ந்து வளைவில் சரிவதற்கு வழி செய்யும், கூரையில் கூடாரமும் கேனும் வேறு. மலை இறங்கும்போது உதவுவது ஏறிய கியரிலேயே மெதுவாக இறங்குவது. இரண்டாம் கியர், தேவையென்றால் முதலாம் கியர். பிரேக்கை நெடுக மிதித்தபடி வந்தால் அது சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலைக்கு வரும். இதற்கு ஒரு சதம் செலவில்லை. ஆனால் சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது எங்கள் மூவரில் ஒருவருக்கும் இதை யாரும் சொல்லித்தரவில்லை. சமதரையில் ஓட்டிக் காட்டி எடுத்தோம். நெல்வயலுக்கு நடுவே பிறந்த நமக்கு மலை வீதி வருடத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளி.

2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா போன இன்னொரு பஸ். அந்தச் செய்திகளைப் பார்த்தபோதெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் ஒன்றும் பேசவில்லை. பதினெட்டு வளைவு எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

வேன் அம்பாறையில் கட்டை மேல் நின்ற நாட்களில்தான் 2024 நவம்பர் வெள்ளம் வந்தது. நவம்பர் 26, மாவடிப்பள்ளி. அதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. விடுமுறைக்கு வீடு திரும்பிய மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரத்தைப் பாதையைக் குறுக்கறுத்த வெள்ளம் இழுத்துப் போனது. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, அந்த வீடுகளின் துக்கம் நம் எல்லோருடையதும். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் உழவு இயந்திரத்தை விடப் பாரமான, உயரமான, சேற்றுக்கென்றே செய்த சக்கரமுள்ள வாகனம் எது? எங்கள் வேனை மணலிலிருந்து இழுத்ததே அதுதான். ஓடும் தண்ணீர் முன்னால் அதுவே நிற்கவில்லை. இரண்டடி உயரத்துக்கு ஓடும் தண்ணீர் பெரும்பாலான வாகனங்களை அடித்துப் போகப் போதும். வேன் என்பது காற்றடைத்த பெட்டி, அது மிதக்கத் தொடங்கிய பிறகு நாலு சக்கரம் தள்ளினாலும் ஒன்றுதான், தள்ளாவிட்டாலும் ஒன்றுதான்.

ஃபோர்வீல் மேல் எங்களுக்கு உள்ள பெரிய பயம் இரும்பைப் பற்றியது அல்ல. மனதைப் பற்றியது. சாதாரண வேன் வைத்திருப்பவர் தண்ணீர் ஓடும் தாம்போதியைக் கண்டால் "திரும்புவோம்" என்பார். எட்டு இலட்சம் கொட்டி ஃபோர்வீல் போட்டவர் "போய்ப் பாப்பமே, இதுக்குத்தானே போட்டது" என்பார். எங்களை எங்களுக்குத் தெரியும். நாங்கள் கட்டாயம் அப்படிச் சொல்லியிருப்போம், அதுவும் பின்னால் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

எதிர்த்துப் பேசுபவர்களின் நியாயமும் எங்களுக்குத் தெரியும். சேனைக்கும் வயலுக்கும் நாளாந்தம் போகிறவருக்கு, மாரியில் பாதையே இல்லாத இடத்தில் வசிப்பவருக்கு ஃபோர்வீல் ஆடம்பரம் இல்லை. அவர் அதற்கென்று பிறந்த வாகனத்தை வாங்கட்டும். பாஸும் அதைத்தான் சொன்னார்: "ஃபோர்வீல் வேணுமென்டா ஃபோர்வீலா பிறந்தத வாங்குங்க சேர், மாத்திப் பிறக்க வைக்காதீங்க." குமண காட்டுக்குள் போக ஆசையா, அங்கே பாதை தெரிந்த சஃபாரி ஜீப்காரர் இருக்கிறார், ஒரு நாளைக்குப் பேசிப் போங்கள். வருடத்தில் ஒரு நாள் தேவைப்படும் சாமானை முந்நூற்று அறுபத்தைந்து நாளும் டீசல் போட்டுச் சுமக்க வேண்டியதில்லை.

இளைஞர்கள் சேர்ந்து ஒரு வாகனத்தைக் கழற்றிப் பூட்டுவதில் உள்ள சந்தோசத்தையும் நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. அந்த இரண்டு மாதம் காக்காவோடும் மச்சானோடும் நாங்கள் பேசிய அளவு முன்பு ஒருபோதும் பேசியதில்லை. தெருமுனையில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பதை விடக் கையில் கிரீஸ் படிவது நல்லது. அதைக் குடும்பம் ஏறாத ஒரு வண்டியில் செய்யுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

இன்னொன்று. "குடும்பத்தோட காம்பிங்" என்று சொல்லித்தான் நாங்கள் மூவரும் இந்த வேலையில் இறங்கினோம். குடும்பத்திடம் கேட்கவில்லை. பஞ்சிகாவத்தைக்குப் புறப்பட்ட அன்று காலை எங்கள் ராத்தா, அறுபதை நெருங்கும் மனிசி, தேநீரை வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "ஃபோர்வீல் பூட்டினா மலசலகூடம் வருமா?"

நாங்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டோம். பிரேக் வாசத்துக்குச் சிரித்தது போலவே.

பாணமையில் எங்கள் பெண்கள் மாலை நாலு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்கவில்லை என்பது பிறகுதான் தெரியும். ஒதுங்க இடமில்லை. வுளூச் செய்யவும் தொழவும் ஒரு மறைவு இல்லை. மாமிக்கு மண்ணில் உட்கார்ந்து எழும்ப முடியாது, ஒரு கதிரை கொண்டுபோக யாருக்கும் தோன்றவில்லை. கடற்கரைக்கு இன்னும் நூறு யார் கிட்டப் போவதில் நாங்கள் குறியாக இருந்தோம். வேனை நிறுத்திய இடத்திலேயே அவர்களுக்குத் தேவையானது ஒன்றும் இருக்கவில்லை. நம் சமூகத்தில் பெண்கள் குடும்பத்தோடு வெளியே போய் ஒரு இரவு வானத்தைப் பார்ப்பதே அபூர்வம். அந்த ஒரு இரவும் அவர்களுக்குத் தண்டனையாகிவிட்டால் அடுத்த முறை "நீங்க போயிட்டு வாங்க" என்பார்கள். அதற்குப் பிறகு அது குடும்பப் பயணம் இல்லை, ஆம்பிளைகளின் விளையாட்டு.

கடைசியில் வேனுக்குச் செய்ததைச் சொல்கிறோம். நாலு சக்கரத்துக்கும் பிரேக் முழுக்கப் புதிதாக்கினோம். சிலிண்டர், ஷூ, முன் பேட், குழாய்கள், எண்ணெய் எல்லாம். நாலு நல்ல டயர். ஷொக் எப்சோபர் நாலும் மாற்றினோம். வேனைப் பொதுவில் வைத்திருந்தாலும் பிரேக்குக்கு ஒருவர்தான் பொறுப்பு என்று எழுதி வைத்தோம், அது காக்கா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாஸிடம் கொண்டுபோவார். எல்லாம் சேர்ந்து பேசிய எட்டு இலட்சத்தில் அரைவாசியும் வரவில்லை. மிச்சத்தில் மலசலகூடத்துக்கென்று நிமிர்ந்து நிற்கும் சின்னக் கூடாரம் ஒன்றும், மூடியுள்ள வாளியும், மாமிக்கு மடக்குக் கதிரையும், வேனின் பக்கத்தில் இழுத்துக் கட்ட ஒரு தறப்பாளும். தறப்பாள் கட்டினால் பெண்களுக்கு ஒரு அறை போல ஆகிவிடும். தைத்துத் தந்தது ராத்தாதான்.

மணல் விடயம் சொல்ல மறந்துவிட்டோம். பாஸ் சிரித்தது அந்தக் கதைக்கு மட்டும்தான். "காத்த இறக்கலையா?" என்று கேட்டார். டயரில் காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி, கூடிய இடத்தில் மிதித்து, மணலின் மேல் நிற்கும். அடுத்த வருடம் அதே பாணமைக்குப் போனபோது வேண்டுமென்றே அதே இடத்தின் ஓரத்தில் இறக்கினோம். புதையத் தொடங்கியதும் நிறுத்தி, காற்றை இருபதுக்கு இறக்கி, ஒரு மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன் கொஞ்சம் வெட்டிவிட்டு மெதுவாக எடுத்தோம். வந்துவிட்டது. பின் சக்கரம் மட்டும் தள்ளும் அதே வேன். பிறகு கால் பம்பால் காற்றடிக்க மச்சானுக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது, அது வேறு கதை. காற்றை ஏற்றாமல் தார் வீதியில் ஓடாதீர்கள், டயர் சூடேறி வெடிக்கும்.

இப்போது நாங்கள் இடம் தேடுவதும் மாறிவிட்டது. வண்டி எங்கே ஏறும் என்று பார்ப்பதில்லை. இரவில் யார் பாதுகாப்பு, தண்ணீர் எங்கே, யானை வருமா என்று பார்க்கிறோம். அம்பாறைப் பக்கத்துக் குளக்கட்டுகளில் பகலில் இருந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டு இருட்டுமுன் எழும்பிவிடுகிறோம். இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தைப் பார்க்க ஒரு பகல் போதும். நக்கிள்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட காட்டில் அனுமதியில்லாமல் கூடாரம் போடக் கூடாது, யாரோ முகநூலில் படம் போட்டார் என்பதற்காகப் போகாதீர்கள். இரவு தங்குவதற்கு வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டக்காரர் ஒருவரின் காணி கிடைத்தது. எங்களோடு கலாசாலையில் படித்த ஒருவரின் உறவு. வாசல் வரை தார் வீதி. இரவில் குளிர், பிள்ளைகளுக்கு ஒரு போர்வை போதாது. அங்கே படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்த்தபோது எங்கள் மகள் கேட்டாள், இதற்கு ஏன் முன்பு வரவில்லை என்று.

மலைநாட்டுக்கு இந்த விடுமுறையில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டை என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்தோம். போக நினைக்கும் பாதை எப்படி இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றாலே சரிவுக்குக் கீழே கூடாரம் வேண்டாம். ஏப்ரலில் பின்னேரம் இடி மழை வரும், இலங்கையில் மின்னல் அதிகமான காலம் இது. வெட்டவெளியிலும் தனி மரத்துக்குக் கீழும் நிற்காதீர்கள், வேனுக்குள் ஏறிக் கதவை மூடுங்கள்.

கட்டார் தம்பிக்கு: உங்கள் வேனை இந்தச் சனிக்கிழமை அம்பாறைக்குக் கொண்டுபோகலாம், நாங்களும் கூட வருகிறோம். ஃபோர்வீல் பேச்சை எடுக்க வேண்டாம், சக்கரத்தை மட்டும் கழற்றிப் பார்க்கச் சொல்வோம். பாஸுக்கு நம் ஊர் தொதல் என்றால் விருப்பம், ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வாருங்கள்.